ஒரு லப்டொப், பத்து போன்: ஆப்பை எல்லாத்திலயும் ஒரே நேரத்தில ஏத்துறது எப்பிடி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் ஆப் எழுதுற பிள்ளையள் இப்ப கனபேர் இருக்கினம், அறிவியல் நகரில படிக்கிறவை, பம்பைமடுவில படிக்கிறவை, வீட்டில இருந்து தானாப் பழகினவை எண்டு. எழுதுறது ஒரு வேலை, அதைக் கொண்டுபோய்ச் சனத்தின்ர போனில போட்டுப் பாக்கிறது இன்னொரு வேலை, இந்த ரெண்டாவதை ஆரும் வடிவாச் சொல்லித் தாறேல்ல. அதைத்தான் இதில எழுதுறன். அன்ட்ரொயிட்தான் முக்கியமா, ஐபோனைப் பற்றிக் கொஞ்சம் பிறகு சொல்லுறன்.

உதாரணத்துக்கு ஒரு ஆப்பை எடுப்பம். இரணைமடுவுக்குக் கீழ வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம் பக்கம் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணி எண்டு கமக்காரர் அமைப்பு எழுதி வைக்கிறதை அப்பிடியே போனில காட்டுற ஒரு சின்ன ஆப். அமைப்பின்ர கூட்டத்துக்கு வாற ஆக்களின்ர கையில என்ன போன் இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மகன் பாவிச்சு விட்ட பழைய சாம்சங், கண்ணாடி வெடிச்ச றெட்மி, மருமகன் வெளிநாட்டில இருந்து அனுப்பின புதுப் போன், கூகுள் சேர்விஸ் இல்லாத ஹுவாவி, எல்லாம் கலந்துதான் இருக்கும். லப்டொப்பில போன் மாதிரி ஓடுற உங்கட எமுலேட்டர் இதில ஒண்டைக் கூடக் காட்டாது. கூட்டம் முடிஞ்சு அவை இன்னொரு மணித்தியாலம் நிண்டாப் பெரிய காரியம், அதுக்குப் பிறகு வயலுக்குப் போகோணும், அந்த ஒரு மணித்தியாலத்தில முக்கால்வாசியை இன்ஸ்டோல் பண்ணுறதிலயே செலவழிச்சா எப்ப டெஸ்ட் பண்ணுறது?

கனபேர் செய்யிறது ஏபிகே பைலை, எண்டா ஆப்பை இன்ஸ்டோல் பண்ணுற பைலை, வட்ஸ்அப் குறூப்பில போட்டுவிடுறது. 60 எம்பி பைல் எண்டா பத்துப் பேருக்கு 600 எம்பி டேட்டா போகுது, அதுவும் அவையின்ர காசில, சிக்னல் ஒரு கட்டை நிக்கிற இடத்தில. அதை விடப் பெரிய பிரச்சினை என்னெண்டா ஆர் எந்த வேர்ஷனில நிக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாமப் போயிடும். ஒராள் நேற்றையான பைலை இறக்கியிருப்பார், ஒராள் போன கிழமையான், மற்றாள் இறக்கி இன்ஸ்டோல் பண்ணாமலே விட்டிருப்பார். "எனக்கு வேலை செய்யேல்ல தம்பி" எண்டு ஒரு ஐயா சொன்னா அவர் சொல்லுறது நீங்கள் முந்தநாள் திருத்தின பிழையா, புதுசா வந்த பிழையா? எல்லாப் போனிலயும் ஒரே பில்ட், எண்டா ஒருக்காச் செய்தெடுத்த அதே ஆப் பைல், இருந்தாத்தான் சனம் சொல்லுற குறைக்கு ஒரு அர்த்தம் இருக்கு, எனக்கு இந்த விசயத்தில வேற எதையும் விட இதுதான் முக்கியமாப் படுது.

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். லப்டொப்பில அன்ட்ரொயிட் ஸ்டூடியோ இருந்தா ஏடிபி (adb), எண்டா லப்டொப்பில இருந்து போனுக்குக் கொமாண்ட் அனுப்புற கருவி, ஏற்கனவே இருக்கு, இல்லாட்டி பிளாட்ஃபோர்ம் டூல்ஸ் எண்டதை மட்டும் கூகுளின்ர டெவலப்பர் சைட்டில இருந்து இறக்கலாம், சின்ன சிப் பைல்தான். பிறகு யூஎஸ்பி ஹப் ஒண்டு, கேபிள் கொஞ்சம். கேபிளில கவனமா இருங்கோ, கடையில மலிவா வாங்கிற சில கேபிளில சார்ஜ் மட்டும்தான் போகும், டேட்டாக் கம்பியே உள்ளுக்க இராது. வீட்டிலயே ஒவ்வொரு கேபிளையும் உங்கட போனில கொழுவி, பைல் ட்ரான்ஸ்பர் வருதா எண்டு பாத்து, வாறதுகளுக்கு ஒரு நிறப் பிளாஸ்டர் சுத்தி வையுங்கோ. ஹப் வாங்கினா தனியா அடப்டர் உள்ளதா வாங்குங்கோ. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒண்டு குடுக்கிறது 500 மில்லி அம்பியர், சும்மா ஹப்பில ஆறு போனைக் கொழுவினா அந்த 500ஐத்தான் ஆறும் பங்கு போடும், ஒரு வாய்க்கால்த் தண்ணியைப் பத்து வயலுக்குத் திறந்துவிட்ட மாதிரி, கடைசி வயலுக்கு வந்து சேராது. அப்பிடி நேரம் போன் பட்டியலில வரும், போகும், இன்ஸ்டோல் பாதியில நிக்கும், நீங்கள் கோட்டில பிழை தேடிக்கொண்டு இருப்பியள். கரண்ட் இல்லாத நேரம் லப்டொப் பற்றறியில மட்டும் செய்யிறதெண்டா மூண்டு மூண்டாக் கொழுவிச் செய்யிறது பாதுகாப்பு.

இனிப் போன் பக்கம். செற்றிங்ஸில அபவுட் போனுக்குப் போய் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டினா டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும், அதுக்குள்ள யூஎஸ்பி டிபக்கிங்கை ஒன் பண்ணோணும். சாம்சங்கில பில்ட் நம்பர் சொஃப்ட்வெயார் இன்ஃபர்மேஷன் எண்டதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். றெட்மி, போக்கோ மாதிரி ஷாவ்மி போனுகளில பில்ட் நம்பருக்குப் பதிலா எம்ஐயுஐ வேர்ஷனை, ஹைப்பர்ஓஎஸ் உள்ள புதுசுகளில ஓஎஸ் வேர்ஷனைத் தட்டோணும், யூஎஸ்பி டிபக்கிங் மட்டும் காணாது, பக்கத்தில இன்ஸ்டோல் வயா யூஎஸ்பி எண்டு இன்னொரு சுவிட்ச் இருக்கு, அதை ஒன் பண்ண மி எக்கவுண்டில லொகின் பண்ணச் சொல்லிக் கேக்கும். அம்மம்மாவின்ர போனில மி எக்கவுண்ட் எங்க இருக்கப்போகுது, ஆனபடியா றெட்மி கொண்டு வாறவைக்கு முதல் நாளே ஆரையும் விட்டு அதைச் செய்து வைக்கச் சொல்லுங்கோ, கூட்டத்தில வைச்சு ஓடிபி வரும்வரை காத்துக்கொண்டு நிக்கேலாது.

இன்னொரு விசயம், இது சனத்தின்ர சொந்தப் போன். யூஎஸ்பி டிபக்கிங் ஒன் பண்ணினா லப்டொப்பில இருந்து அவையின்ர படம், பைல் எல்லாம் எடுக்கக் கூடியதா இருக்கும். என்ன செய்யப்போறம் எண்டதை முதலே சொல்லி, அவையின்ர சம்மதத்தோடதான் கொழுவோணும். நாலு பேர் முன்னால வைச்சு, இன்ன ஆப்பைப் போடுறம், வேற ஒண்டையும் தொடமாட்டம் எண்டு சொல்லுங்கோ.

ஒவ்வொரு போனிலயும் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி ஒண்டு, ரெண்டு எண்டு நம்பர் போடுங்கோ. அதை ஒரு கொப்பியில ஆளின்ர பேர், மொடல், அன்ட்ரொயிட் வேர்ஷன் எண்டு எழுதி வையுங்கோ. ஒரே நிறத்தில நாலு போன் மேசையில கிடக்கேக்க இந்தக் கொப்பிதான் உங்களைக் காப்பாத்தும்.

கொமாண்டுகளை வாசிக்கிற மாதிரித் தமிழில எழுதுறன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில அடியுங்கோ, அடைப்புக்குள்ள ஆங்கிலத்தில குடுத்திருந்தா அதை அப்பிடியே அடியுங்கோ, ஹைபன் எண்டா - குறி. எல்லாத்தையும் கொழுவினாப் பிறகு முதல் கொமாண்ட் ஏடிபி டிவைசஸ். பட்டியல் வரும், ஒவ்வொரு வரியிலயும் முதல் சீரியல் நம்பர், பிறகு நிலைமை. டிவைஸ் எண்டு இருந்தா எல்லாம் சரி. அன்ஓதரைஸ்ட் எண்டு இருந்தா அந்தப் போனின்ர ஸ்கிறீனில "யூஎஸ்பி டிபக்கிங்கை அனுமதிக்கவா" எண்டு ஒரு பெட்டி வந்து நிக்குது, அதில ஓல்வேஸ் அலவ் எண்டதுக்குச் சரி போட்டு அலவ் குடுங்கோ. பெட்டி வரேல்ல எண்டா கேபிளைக் கழட்டி, டெவலப்பர் ஒப்ஷன்ஸில றிவோக் யூஎஸ்பி டிபக்கிங் ஓதரைசேஷன்ஸ் எண்டதை அமத்தி, லப்டொப்பில ஏடிபி கில் ஹைபன் சேர்வர் அடிச்சிட்டுத் திரும்பக் கொழுவினா வரும். அன்ட்ரொயிட் 11இலயும் அதுக்கு மேலயும் உள்ள போனுகளில ஓல்வேஸ் அலவ் குடுத்தாலும் ஏழு நாள் கொழுவாம விட்டா அந்த அனுமதி தானா அழிஞ்சிடும், அதால அடுத்த மாசக் கூட்டத்தில திரும்பவும் கேக்கும், பயப்பட வேண்டாம். ஓஃப்லைன் எண்டு வந்தா அனேகமாக் கேபிள் இல்லாட்டி ஹப்.

இப்ப ஒண்டுக்கு மேல போன் கொழுவியிருக்கேக்க சும்மா ஏடிபி இன்ஸ்டோல் எண்டு அடிச்சா "ஒண்டுக்கு மேல டிவைஸ் இருக்கு" எண்டு எரர் சொல்லி நிண்டிடும். எந்தப் போன் எண்டு சொல்லோணும்: ஏடிபி, ஹைபன் எஸ், சீரியல் நம்பர், இன்ஸ்டோல், ஹைபன் ஆர், ஏபிகேயின்ர பேர். ஹைபன் ஆர் எண்டா ஏற்கனவே இருக்கிற ஆப்புக்கு மேல, டேட்டா அழியாமப் போடுறது. இதை ஒவ்வொரு சீரியலுக்கும் கையால அடிக்கலாம், ஆனா பத்துப் போனுக்கு அடிச்சா ஒண்டைக் கட்டாயம் விட்டிடுவியள், அதால ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவம்.

லினக்ஸ், மக்கில பாஷ் எண்ட, கொமாண்ட் ஓட்டுற புரோகிராம் இருக்கு, வின்டோஸில கிட் பாஷ் போட்டா அதே ஸ்கிரிப்ட் அங்கயும் ஓடும். ஸ்கிரிப்ட் செய்யிறது இவ்வளவுதான். ஏடிபி டிவைசஸ் குடுக்கிற பட்டியலை ஓக் (awk) எண்ட, வரியளைப் பிரிச்செடுக்கிற கொமாண்டுக்குப் பைப் பண்ணி, ரெண்டாவது நிரலில டிவைஸ் எண்டு இருக்கிற வரியளில முதல் நிரலை மட்டும் எடுக்கிறம், அதால தலைப்பு வரியும் அனுமதி இல்லாத போனுகளும் தானா விலகும். பிறகு ஒரு ஃபோர் லூப், ஒவ்வொரு சீரியலுக்கும் மேல சொன்ன இன்ஸ்டோல் வரி, அதின்ர வெளியீட்டை > குறியால அந்தச் சீரியலின்ர பேரில ஒரு டெக்ஸ்ட் பைலுக்கு அனுப்பிறம், எரரும் அதே பைலுக்குப் போக 2>&1, வரியின்ர கடைசியில & குறி. அந்த & குறிதான் முக்கியம், அது இருந்தா ஒண்டு முடியும்வரை மற்றது காத்து நிக்காது, எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில ஏறத் தொடங்கும். லூப்புக்குப் பிறகு தனி வரியில வெயிட் (wait) எண்டு ஒரு சொல், எல்லாம் ஏறி முடியும்வரை ஸ்கிரிப்ட் அதில நிக்கும். கடைசியா எல்லா டெக்ஸ்ட் பைலிலயும் சக்சஸ் (Success) இல்லாததுகளை கிரெப் (grep) எண்ட தேடுற கொமாண்டால தேடிக் காட்டச் சொல்லுங்கோ, கிரெப்புக்கு ஹைபனோட பெரிய எழுத்து எல் (-L) குடுத்தா அந்தச் சொல் இல்லாத பைலின்ர பேரை மட்டும் தரும்.

இதில ரெண்டு இடத்தில ஆக்கள் மாட்டுப்படுறவை. வின்டோஸில ஏடிபியின்ர வரி முடிவில கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வரும், அதால ஓக்குக்கு டிவைஸ் எண்ட சொல் பொருந்தாமப் பட்டியல் வெறுமையா வரும். ஓக்குக்கு முன்னால டிஆர் ஹைபன் டி (tr -d) போட்டு பேக்ஸ்லாஷ் ஆரை எடுத்துவிட்டாச் சரி. மற்றது, ஃபோர் லூப்புக்குப் பதிலா வைல் றீட் லூப் எழுதி அதுக்குள்ள ஏடிபி ஷெல் கூப்பிட்டா முதல் போனோட லூப் முடிஞ்சிடும், ஏனெண்டா ஏடிபி ஷெல் மிச்சப் பட்டியலையும் தானே வாசிச்சு விழுங்கிப்போடும். ஃபோர் லூப்பிலயே நில்லுங்கோ.

இதெல்லாம் ஏன், அன்ட்ரொயிட் ஸ்டூடியோவில செலக்ட் மல்டிபிள் டிவைசஸ் இருக்குத்தானே எண்டு கேப்பியள். இருக்கு, வீட்டில ரெண்டு மூண்டு போனோட வேலை செய்யேக்க நல்லது. கிரேடிலில இன்ஸ்டோல் டிபக் (installDebug) ஓடவிட்டாலும் கொழுவியிருக்கிற எல்லாத்திலயும் போடும், ஃபிளட்டர்காரருக்கு ஃபிளட்டர் ரன் ஹைபன் டி ஓல் (flutter run -d all) இருக்கு. ஆனா சனத்தின்ர போனுக்கு நான் ஒரு ஏபிகே பைலை எடுத்து, பேரில திகதியும் வேர்ஷனும் போட்டு, அந்த ஒரே பைலைத்தான் எல்லாருக்கும் போடச் சொல்லுவன், அப்பதான் பிறகு ஒரு குறை வந்தா எந்தப் பைல் எண்டு கையில இருக்கும். ஸ்டூடியோவின்ர ரன் பட்டன் செய்யிற ஏபிகே டெஸ்ட் ஒன்லி எண்டு குறிச்சு வாறது, அதை ஹைபன் டி (-t) இல்லாம இன்ஸ்டோல் பண்ணேலாது, அதால பில்ட் மெனுவில இருந்து ஏபிகேயைத் தனியா எடுங்கோ.

எரர் வரும். அப்டேட் இன்கொம்பாட்டிபிள் எண்டு வந்தா அந்தப் போனில இருக்கிற பழைய ஆப் வேற கீயால கையெழுத்து வைச்சது. ஒவ்வொரு லப்டொப்பிலயும் டிபக் கீ வேற, போன முறை உங்கட சிநேகிதன்ர லப்டொப்பில இருந்து போட்டிருந்தா இப்பிடித்தான் வரும். அன்இன்ஸ்டோல் பண்ணிப் போடலாம், ஆனா அந்த ஐயா பதிஞ்சு வைச்ச தண்ணி நாள் எல்லாம் அதோட போயிடும், கேக்காமச் செய்யாதேங்கோ. நிரந்தரமான வழி, டெஸ்ட் பில்டுக்கு ஒரு கீஸ்டோர், எண்டா அந்தக் கையெழுத்துக் கீயை வைக்கிற பைல், செய்து குழுவில எல்லாரும் அதையே பாவிக்கிறது.

வேர்ஷன் டவுன்கிறேட் எண்டா போனில இருக்கிறது உங்கட பைலை விடப் புதுசு, வேர்ஷன் கோட்டைக் கூட்டுங்கோ. நோ மாச்சிங் ஏபிஐஸ் (ABIs) எண்டா 32 பிட் பழைய போனுக்கு 64 பிட்டுக்கு மட்டும் செய்த ஏபிகேயைக் குடுத்திருக்கிறியள், ஃபிளட்டரில ஸ்பிளிட் பண்ணாம முழு ஏபிகே எடுத்தாப் பைல் பெருக்கும், ஆனா ரெண்டுக்கும் ஓடும். யூசர் றிஸ்ட்றிக்டட் எண்டா மேல சொன்ன ஷாவ்மி சுவிட்ச். எரரே வராம ஒரு போன் மட்டும் அப்பிடியே நிண்டா அதின்ர ஸ்கிறீனைப் பாருங்கோ, பிளே புரொடெக்ட் ஏதும் கேட்டுக்கொண்டு நிக்கும். இன்சஃபிஷன்ட் ஸ்டோரேஜ் எங்கட பக்கம் அடிக்கடி வாறது, போன் முழுக்க வெளிநாட்டில இருந்து வந்த கலியாண வீட்டு வீடியோவும் பேரப்பிள்ளையின்ர படமும்தான் இருக்கும். அதில ஒண்டையும் நீங்கள் அழிக்காதேங்கோ. உங்கட ஆப்பைச் சின்னனாக்குங்கோ, அந்தப் போன்தான் உண்மையான பாவனையாளரின்ர போன்.

அரிதா வாற ஒண்டையும் சொல்லிவிடுறன். சில மலிவுப் போனுகள் எல்லாத்துக்கும் ஒரே சீரியல், 0123456789 எண்டு தொடங்கிறது, கொம்பனியில இருந்தே போட்டு விட்டிருப்பினம். ரெண்டு அப்பிடிப் போனைக் கொழுவினா ஹைபன் எஸ்ஸால பிரிக்கேலாது. ஏடிபி டிவைசஸ் ஹைபன் எல் அடிச்சா வரியின்ர கடைசியில ட்ரான்ஸ்போர்ட் ஐடி எண்டு ஒரு நம்பர் வரும், ஹைபன் எஸ்ஸுக்குப் பதிலா ஹைபன் டி (-t) போட்டு அந்த நம்பரைக் குடுங்கோ. கழட்டிக் கொழுவினா நம்பர் மாறும், அதை மறக்கக் கூடாது.

ஹைபன் ஜி எண்டு ஒரு ஒப்ஷன் இருக்கு, எல்லா பெர்மிஷனையும் கேக்காமலே குடுத்திடும். நேரம் மிச்சம்தான், ஆனா அன்ட்ரொயிட் 13இல இருந்து நோட்டிஃபிகேஷனுக்கே ஆளைக் கேட்டு அனுமதி எடுக்கோணும், "நாளைக்கு உங்கட வாய்க்காலுக்குத் தண்ணி" எண்ட அறிவித்தல் வராட்டி இந்த ஆப்பே வீண். அந்தப் பெட்டி வரேக்க ஒரு கமக்காரர் என்ன அமத்துறார் எண்டு பக்கத்தில நிண்டு பாக்கோணும். அதால சனத்தின்ர போனுக்கு ஹைபன் ஜி போடாதேங்கோ. கூகுள் சேர்விஸ் இல்லாத ஹுவாவிக்கு ஃபயர்பேஸ் புஷ்ஷை, எண்டா கூகுள் வழியா அனுப்புற அறிவித்தலை, நம்பேலாது, அதையும் அண்டைக்கே அந்தப் போனில பாத்திடுங்கோ.

ஏறி முடிஞ்சாப் பிறகு அதே லூப்பில இன்ஸ்டோல் வரிக்குப் பதிலா ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் பக்கேஜ் (dumpsys package), ஆப்பின்ர பக்கேஜ் பேர் போட்டு, வேர்ஷன் நேமை (versionName) கிரெப் பண்ணினா எல்லாப் போனிலயும் ஒரே வேர்ஷனா எண்டு ஒரு பார்வையில தெரியும். ஆப்பின்ர முதல் ஸ்கிறீனிலயே வேர்ஷன் நம்பரைப் பெரிசாப் போடுங்கோ, பிறகு அவை போன் எடுத்துச் சொல்லேக்க "மேல என்ன நம்பர் இருக்கு ஐயா" எண்டு கேட்டாக் காணும். டெஸ்ட் தொடங்க முதல் ஏடிபி லொக்கட் ஹைபன் சி (logcat -c) குடுத்துப் பழைய லொக்கை அழிச்சு, முடிய லொக்கட் ஹைபன் டி (logcat -d) குடுத்து ஒவ்வொரு சீரியலின்ர பேரிலயும் சேமிச்சுக்கொண்டு வீட்டை போனா, கிராஷ் ஆன போனை ஆறுதலாப் பாக்கலாம். அந்த லொக்கில மற்ற ஆப்புகளின்ர விசயமும் கிடக்கும், தேவை முடிய அழிச்சுப்போடுங்கோ.

கேபிள் காணாட்டி வைபையிலயும் செய்யலாம். அன்ட்ரொயிட் 11இல இருந்து வயர்லெஸ் டிபக்கிங் இருக்கு, அதில பெயாரிங் கோட் எண்டதை அமத்தினா ஐபி, போர்ட், ஆறு இலக்கம் வரும், ஏடிபி பெயாருக்கு அதைக் குடுத்திட்டுப் பிறகு ஏடிபி கனெக்ட். பெயார் பண்ணின போர்ட்டும் கனெக்ட் பண்ணுற போர்ட்டும் வேற வேற, ரெண்டாவது வயர்லெஸ் டிபக்கிங்கின்ர முதல் பக்கத்தில இருக்கும், இதில கனபேர் தடக்குப்படுவினம். பழைய போனுக்கு ஒருக்காக் கேபிளில கொழுவி ஏடிபி டிசிபிஐபி 5555, பிறகு கழட்டிட்டு ஏடிபி கனெக்ட், போன் றீஸ்டார்ட் பண்ணினா அது போயிடும். ஒரு போனின்ர ஹொட்ஸ்பொட்டில எல்லாரையும் சேர்த்தாலும் காணும், லப்டொப்பில இருந்து போனுக்குப் போற ஏபிகேக்கு டேட்டா வெட்டாது. ஆனா வைபை கண்டவுடன எல்லாப் போனும் பிளே ஸ்டோர் அப்டேட்டை இறக்கத் தொடங்கும், உங்கட பக்கேஜ் பறந்திடும். ஹொட்ஸ்பொட் போனின்ர மொபைல் டேட்டாவை ஓஃப் பண்ணிவிடுங்கோ, "இன்ரநெற் இல்லை, இருக்கவா" எண்டு கேட்டா ஓம் குடுங்கோ. சில ரவுட்டரில ஒரு போனை மற்றது காணாத மாதிரி அடைச்சு வைச்சிருப்பினம், அங்க இது சரிவராது.

போனைத் திருப்பிக் குடுக்க முதல் யூஎஸ்பி டிபக்கிங்கை ஓஃப் பண்ணி, டெவலப்பர் ஒப்ஷன்ஸையும் ஓஃப் பண்ணுங்கோ. சில பாங்க் ஆப்புகள் அது ஒன்னில இருந்தாத் திறக்காது, பிறகு நீங்கள் போன் பழுதாக்கினியள் எண்டு கதை வரும்.

ஒட்டுசுட்டானில, மாங்குளத்தில இருக்கிற ஆக்களைக் கூப்பிட்டு எடுக்கேலாது, அவைக்கு ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷன் நல்லது, ஈமெயிலைச் சேர்த்துவிட்டா லிங்க் போகும், ஆர் இறக்கினது எண்டும் தெரியும். பிளே ஸ்டோருக்கு ஆப் ஏத்துற பிளே கன்சோலில இன்டேர்னல் டெஸ்டிங்கும் இருக்கு, 100 பேர்வரை போடலாம், கன்சோலுக்கு ஒருக்கா 25 டொலர் கட்டோணும். ஐபோனுக்கு மக் வேணும், வருசம் 99 டொலர் வேணும், டெஸ்ட்ஃபிளைட் எண்ட அப்பிளின்ர டெஸ்ட் ஆப்பில போட்ட பில்ட் 90 நாளில காலாவதியாகும், எங்கட கமக்காரரில ஐபோன் வைச்சிருக்கிறவை குறைவு, அதைப் பிறகு பாக்கலாம்.

ஆனா ஒண்டு, 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனியாள் பேரில திறந்த பிளே எக்கவுண்ட் எண்டா ஆப்பை எல்லாருக்கும் வெளியிட முதல் குளோஸ்ட் டெஸ்டிங்கில, எண்டா நீங்கள் சேர்த்த ஆக்களுக்கு மட்டும் விடுற டெஸ்டில, குறைஞ்சது 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருக்கோணும். முதல் 20 பேர் கேட்டவை, 2024 டிசம்பரில 12 ஆக்கினவை. கூட்டத்தில கொப்பியில பேர் எழுதேக்க அவையின்ர ஜிமெயிலையும் கேட்டு எழுதுங்கோ, போனிலயே லொகின் ஆகியிருக்கிற அதே ஜிமெயிலா எண்டு பிளே ஸ்டோரைத் திறந்து பாத்து எழுதுங்கோ, கனபேருக்குத் தங்கட ஈமெயில் என்னெண்டே தெரியாது.